கச்சேரிப் பதிவுகளைப் பகிர்தல்: எந்த வழி எதற்குப் பொருந்தும்?

கர்நாடக இசையின் பழைய கச்சேரிப் பதிவுகளில் கணிசமான பகுதி தனி ரசிகர்களின் வீடுகளில்தான் இருக்கிறது. வானொலிப் பெட்டியின் அருகில் அமர்ந்து பதிந்த ஸ்பூல் டேப்புகள், சபாவில் மைக்செட்காரரிடம் கேட்டு வாங்கிய இணைப்பிலிருந்து எடுத்த கேசட்டுகள், இன்னொரு ரசிகரிடம் இரவல் பெற்றுப் படியெடுத்தவை என்று பல வழிகளில் அவை சேர்ந்தன. சேர்த்தவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயதாகிறது. டேப்புகளைக் கணினியில் ஏற்றி முடித்த வீடுகளில் அடுத்து எழும் கேள்வி, இவற்றை மற்ற ரசிகர்களோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதாகும்.

நடைமுறையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. முழுத் தொகுப்பையும் ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்துக் கொடுத்துவிடலாம். தேர்ந்த பகுதிகளை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பலாம். யூடியூபில் ஏற்றி எல்லோருக்கும் திறந்துவிடலாம். ரசிகர்கள் சிலர் ஓரிடத்தில் கூடி ஒன்றாகக் கேட்கலாம். மூல டேப்புகளை ஓர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கலாம். இவற்றை எடைபோட நான் கொள்ளும் அளவுகோல், ஒரு பதிவு கைமாறும்போது அதைப் பற்றிய அறிவும் கூடவே போகிறதா, முடிந்தால் வளர்கிறதா என்பதே. பாடியவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரங்கள் உதிர்ந்துபோன பதிவும் காதுக்கு இன்பம் தரும் என்றாலும், அதை வைத்து ஒரு வித்வானின் பாணி எப்படி முதிர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த அளவுகோலில் கூடிக் கேட்பதே முதலிடம் பெறுகிறது என்பது என் முடிவு. மற்ற நான்கு வழிகளுக்கும் அதனதன் இடம் உண்டு.

ஹார்ட் டிஸ்க் வழியின் கவர்ச்சி அதன் தாராளத்தில் இருக்கிறது. குறுந்தகட்டின் தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்ற அளவில் ஏற்றினால், மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்று ஏறத்தாழ 1.9 ஜிபி இடம் பிடிக்கும். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் அது பெரும்பாலும் பாதியாகக் குறைவதால், ஒரு டெராபைட் வட்டில் ஆயிரம் கச்சேரிகள் வரை அடங்கிவிடும். ஆயிரம் கச்சேரிகள் என்றால் மூவாயிரம் மணி நேரம். நாள்தோறும் ஒரு மணி நேரம் கேட்டாலும் முடிக்க எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவ்வளவையும் ஒரே நாளில் பெற்றுக்கொண்டவர் எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் வட்டை அலமாரியில் வைத்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. கொடுத்தவருக்கு நெஞ்சோடு ஒட்டியிருந்த ஒரு காம்போதி ராகப் பதிவு, பெறுபவரிடத்தில் ஆயிரத்தில் ஒரு கோப்பாகிவிடுகிறது. ஆயினும் பாதுகாப்பு என்ற நோக்கில் இந்த வழிக்கு ஈடில்லை. ஒரே வீட்டில் ஒரே வட்டில் இருக்கும் சேகரிப்பு அந்த வட்டு பழுதாகும் நாளில் முடிந்துபோகும். ஆகவே நம்பிக்கையான இருவரிடமாவது முழுப் படி இருக்க வேண்டும். ஒவ்வொரு கச்சேரியின் கோப்புறையிலும் கேசட் அட்டையில் இருந்த குறிப்புகள் தட்டச்சு செய்யப்பட்டும், அட்டையின் படம் எடுக்கப்பட்டும் இருக்க வேண்டும். இதைச் செய்துவிட்டு, இது சேமிப்புக்கான ஏற்பாடு என்ற தெளிவோடு பகிர்வுக்கு வேறு வழியைத் தேடுவது நல்லது.

வாட்ஸ்அப் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை கோப்பு போகும் என்பதால் முழுக் கச்சேரியையே அனுப்ப முடியும்; ஆனால் குழுவில் அப்படி வருவதைத் திறந்து மூன்று மணி நேரம் கேட்பவர் மிகச் சிலரே. அதனால் ஐந்து நிமிடத் துண்டுகள் சுற்றுகின்றன. தாளமின்றி ராகத்தை விரிக்கும் ஆலாபனை விஸ்தாரமாக வளர்ந்து தார ஸ்தாயி என்ற மேல் ஸ்தாயியைத் தொடும் உச்சத்தை மட்டும் வெட்டி அனுப்புவது, அந்த உச்சத்துக்கு ஏறிய படிகளைக் கேட்பவரிடமிருந்து பறிப்பதாகும். ஒரு வகைப் பதிவுக்கு மட்டும் இந்த வழி அழகாகப் பொருந்துகிறது. நிமிடத்துக்கு 78 சுழற்சி வேகத்தில் ஓடும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். வீணை தனம்மாள் போன்றோர் அந்தச் சிறிய காலத்துக்குள் ராகத்தின் முழு உருவத்தையும் காட்டினார்கள். அந்த இசை தொடக்கத்திலேயே அந்த அளவுக்காக அமைக்கப்பட்டது என்பதால் காலையில் ஒரு தட்டு என்று அனுப்புவதில் எந்தக் குறைவும் இல்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன்பு பதிவைச் செம்மையாக்கும் வேலை இருக்கிறது. பலரும் விரைந்து கடந்துவிடும் கட்டம் இது. நான் இங்கேதான் நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் பகிரப்படும் பதிவுகளில் நான் காணும் கெடுதிகளில் பெரும்பகுதி இங்கே தொடங்குகிறது.

முதலாவது சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஒலியின் உயரம். டேப் ஓட்டும் கருவியின் வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை, அதாவது ஹார்மோனியத்தின் அடுத்த கட்டை அளவுக்கு, உயர்ந்துவிடும். மூன்று மணி நேரக் கச்சேரி பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். படியெடுத்ததிலிருந்து படியெடுத்து வந்த கேசட்டுகளில் இந்தப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். எம்.டி. ராமநாதனின் பாட்டுக்கு அவருடைய மிகத் தாழ்ந்த சுருதியும் நிதானமான காலப்பிரமாணமும், அதாவது நடைவேகமும், உயிர். சஹானா ராகத்தில் அவர் பாடிய ‘கிரிபை’ கீர்த்தனையை வேகம் கூடிய கேசட்டிலிருந்து முதன்முதலாகக் கேட்கும் இளைஞர், ஏன் பெரியவர்கள் இவரை இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று புரியாமல் நகர்ந்துவிடக்கூடும். அந்த வித்வானின் அதே காலத்து நல்ல பதிவு ஒன்றோடு ஒப்பிட்டுச் சுருதியைச் சரிசெய்வது கணினியில் சில நிமிட வேலைதான். எவ்வளவு திருத்தினோம் என்பதைக் குறிப்பில் எழுதி, திருத்தாத மூலக் கோப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும். 78 சுழற்சித் தட்டுகளிலும் இந்தக் கவனம் தேவை, தொடக்க காலத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78 சுழற்சியில் பதியப்பட்டவை அல்ல.

இரண்டாவது இரைச்சல் நீக்கம். மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று கணித்து அகற்றுவதே இந்த மென்பொருள்கள் பலவற்றின் வேலைமுறை. கர்நாடக இசையில் மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது தம்புரா. கேசட்டின் சீறலோடு தம்புராவின் நாதத்தையும் துடைத்துவிட்டால் குரல் வெற்றிடத்தில் நிற்பதுபோல் கேட்கும்; மிருதங்கத்தின் சாப்பு என்ற கணீர் ஒலியும் மழுங்கிவிடும். சீறல் இருந்தாலும் காது சில நிமிடங்களில் அதைக் கடந்து இசைக்குள் போய்விடும். ஆகையால் இரைச்சலை மிகக் கொஞ்சமாகக் குறைப்பது, அல்லது அப்படியே விட்டுவிடுவது என்பதே என் பரிந்துரை. ஒலியில் சிலவற்றை விட்டுச் சுருக்கும் எம்பி3 வடிவத்திலும் இதே கவனம் வேண்டும். 128 கேபிபிஎஸ் அளவில் கைத்தட்டலும் தம்புராவின் மினுக்கும் கலங்கித் தெரியும். பேருந்தில் கேட்பதற்கு அது போதும் என்றாலும், இன்னொருவர் படியெடுத்துக் காப்பாற்ற வேண்டிய கோப்பை ஃப்ளாக்கில்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, எதையும் வெட்டாமல் விடுவது. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம்தான் என்பதால் டேப்பை மிச்சப்படுத்த அந்தக் காலத்தில் மிருதங்கக்காரர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைப் பதியாமல் விட்டவர்கள் உண்டு. அது அன்றைய நெருக்கடி. இன்று இடத்துக்குப் பஞ்சமில்லாதபோதும் தனியை நீக்கிவிட்டு அனுப்புவது மிருதங்க வித்வானுக்குச் செய்யும் அநீதி. அதுபோல வானொலிப் பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் அறிவிப்பாளரின் குரலை வெட்டவே கூடாது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952இல் தொடங்கியது. இந்த ஒலிபரப்புகளில் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களை அறிவிப்பாளர் சொல்லும் அந்த அரை நிமிடத்தைவிட நம்பத்தக்க சான்று பதிவுக்குள் வேறொன்றும் இல்லை.

இனி யூடியூப். இதன் வலிமையை மறுக்க முடியாது. யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ இருக்கும் மாணவர் நள்ளிரவில் ஒரு கீர்த்தனையின் பாடாந்தரத்தை, அதாவது குருவழியில் பாடப்படும் வடிவத்தை, தேடும்போது அது கிடைப்பது அங்கேதான். குறிப்புகளைப் பொறுப்போடு எழுதுபவர் ஏற்றினால் பெரும் பயன் உண்டு. ஒலி மீண்டும் சுருக்கப்படுகிறது என்பது அதன் சிறிய குறை. பெரிய தடை உரிமை பற்றியது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. நிகழ்த்துநரின் உரிமை 50 ஆண்டுகள். ஒலிபரப்பு நிறுவனத்தின் உரிமை 25 ஆண்டுகள். இயற்றியவருக்கு அவருடைய வாழ்நாளும் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளும் உரிமை தொடரும்.

இவை ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு மதுரை மணி ஐயரின் பதிவுகளே நல்ல எடுத்துக்காட்டு. அவர் 1968இல் மறைந்தார்; ஆகவே எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவருடைய நிகழ்த்துநர் உரிமையின் காலம் கடந்துவிட்டது. அவர் பாடிய தியாகராஜர் கீர்த்தனைகளில் இயற்றியவரின் உரிமை என்ற கேள்வியே எழாது, தியாகராஜர் 1847இல் மறைந்தவர். ஆனால் அதே கச்சேரியில் அவர் காம்போதியில் ‘காணக் கண் கோடி வேண்டும்’ பாடியிருந்தால், அதை இயற்றிய பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர் என்பதால் பாடலின் உரிமை 2033ஆம் ஆண்டு முடியும்வரை உயிரோடிருக்கும். ஒரே மேடையில், ஒரே மாலையில் பாடப்பட்ட இரண்டு உருப்படிகளின் நிலை இப்படி வேறுபடுகிறது. 2012இல் சட்டம் திருத்தப்பட்டபோது, தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரவும், தன் புகழுக்குக் கேடு வரும்படி நிகழ்ச்சியைச் சிதைப்பதைத் தடுக்கவும் நிகழ்த்துநருக்கு வழி செய்யப்பட்டது. வாழும் கலைஞர்களைப் பொறுத்தவரை சட்டத்தைத் தாண்டிய மரியாதையும் இருக்கிறது. தொண்டை கட்டிய ஒரு நாளில் பாடிய கச்சேரி உலகம் முழுவதும் நிலைத்திருப்பதை எந்த வித்வானும் விரும்பமாட்டார். அவரிடமோ அவருடைய குடும்பத்தாரிடமோ சிஷ்யர்களிடமோ கேட்டுவிட்டு ஏற்றுவதே முறை. இந்தக் காரணங்களால், உரிமைக் காலம் முடிந்தது என்று உறுதியாகத் தெரிந்த பழைய இசைத்தட்டுகளுக்கும், கலைஞர் தரப்பின் சம்மதம் பெற்ற கச்சேரிகளுக்கும் மட்டும் யூடியூபை நான் பரிந்துரைப்பேன். விற்பனைக்கு வராத பதிவுகளை மட்டும் ரசிகர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது என்ற நெறியைச் சங்கீதப்ரியா போன்ற தன்னார்வ முயற்சிகள் முன்னிறுத்தியிருக்கின்றன. அந்த நெறி தனி ரசிகருக்கும் பொருந்தும்.

விற்பனையில் உள்ளவற்றைப் பொறுத்தவரை கோப்பைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் அமெரிக்க இசைத்தட்டையோ, சார்சூர் நிறுவனம் வெளியிட்ட ஒரு பழைய கச்சேரியையோ நண்பருக்கு அறிமுகப்படுத்த விரும்பினால், தட்டின் பெயரையும், எந்த உருப்படியில் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்பதையும் நான்கு வரி எழுதி அனுப்பினால் போதும். நண்பர் அதை வாங்கிக் கேட்கும்போது அடுத்த பழைய பதிவு வெளிவருவதற்கும் அது துணையாகிறது.

கூடிக் கேட்பதற்கு வருவோம். ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு மணி நேரம், ஒரு நல்ல ஒலிபெருக்கி இணை, இவ்வளவுதான் தேவை. இதன் மேன்மை எனக்குத் தெளிவானது பதிவுகளை அடையாளம் காணும் வேலையில்தான். பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்தைக் குறித்து ‘ஜி.என்.பி., திருச்சி’ என்று மட்டும் எழுதிய கேசட்டை ஓட்டும்போது, கூட்டத்தில் ஒருவர் வில்லின் அழுத்தத்தைக் கேட்டு வயலின்காரரைச் சொல்வார். இன்னொருவர் தாள வாசிப்பை முடிக்கும் மோராவின் அமைப்பை வைத்து மிருதங்கம் யாருடையது என்று ஊகிப்பார். மூன்றாமவர், தொடக்க உருப்படியாக வரும் வர்ணத்தைக் கேட்டு, கச்சேரியை அந்த வர்ணத்தில் தொடங்கும் வழக்கம் எந்தக் காலத்தில் இருந்தது என்று சொல்லி ஆண்டைக் குறுக்குவார். ஊகம் ஊகமாகவே குறிக்கப்பட வேண்டும் என்பது உண்மை. ஆயினும் மூன்று பேரின் நினைவு சேர்ந்து ஒரு பதிவுக்கு முகவரி கிடைப்பது வேறெந்த வழியிலும் எளிதில் நடப்பதில்லை. அந்த நினைவுகளைச் சுமப்பவர்கள் முதியவர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை என்று நான் கருதுகிறேன்.

கேட்புக்கூட்டத்துக்குப் பதிவுகளைத் தேர்வதில் இரண்டு முறைகள் உண்டு. ஒரே வித்வானின் ஒரு முழுக் கச்சேரியைத் தொடக்கம் முதல் மங்களம் வரை கேட்கலாம்; அல்லது ஒரே ராகத்தையோ ஒரே கீர்த்தனையையோ நான்கைந்து பேரின் குரலில் அடுத்தடுத்துக் கேட்கலாம். புதியவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு இரண்டாவதே ஏற்றது. அரியக்குடி, முசிறி, செம்மங்குடி, டி.கே. பட்டம்மாள் ஆகியோர் ஒரே ராகத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள், எந்த ஸ்வரத்தில் நிற்கிறார்கள், எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது பாணி என்பது என்னவென்று விளக்கம் இல்லாமலே விளங்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒப்பிடும் பதிவுகளின் ஒலியளவு ஒன்றாக இருக்க வேண்டும், சற்று உரக்க ஒலிப்பதே சிறந்தது என்று காது ஏமாந்துவிடும். முதல் முறை கேட்கும்போது பாடுபவரின் பெயரைச் சொல்லாமல் விட்டு, பேசி முடித்த பிறகு சொல்வதும் பயன் தரும். பெயரின் கனம் இல்லாதபோது ரசிகர்கள் கூடுதல் நேர்மையோடு பேசுகிறார்கள். ஒலிக்கும்போது பேச்சு கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

முழுக் கச்சேரி முறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கச்சேரியின் அமைப்பை, எந்த உருப்படிக்குப் பின் எதை வைத்தார்கள் என்ற விவேகத்தைக் கற்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. பழகிய குழு, நாலைந்து கூட்டங்களுக்குப் பிறகு, அதற்குள் இறங்குவது பொருத்தமாக இருக்கும்.

வெளியூரில் இருப்பவர்கள் கூட்டத்துக்கு வர முடியாது என்பது இந்த வழியின் உண்மையான குறை. காணொளி அழைப்பில் ஒலிக்கவிட்டால், அங்கும் இரைச்சல் அடக்கும் வசதி தம்புராவைத் தின்றுவிடுகிறது. ஜூம் செயலியில் அதை நிறுத்தி மூல ஒலியை அனுப்பும் அமைப்பு இருந்தாலும், ஒவ்வொருவரின் இணைய வேகத்துக்கேற்ப ஒலி தடுமாறும். அதைவிட நல்ல ஏற்பாடு, கோப்பை இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பி, ஒவ்வொருவரும் தம் வீட்டில் அமைதியாகக் கேட்டுவிட்டு, அழைப்பைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. கூட்டத்தில் கேட்ட பதிவைக் கேட்டுப் பெற விரும்புபவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும், கூட்டத்தில் சேர்ந்த விவரங்களோடு கொடுக்கலாம். அப்படிப் பெற்றவர் அதை நிச்சயம் மீண்டும் கேட்பார்.

கடைசியாகக் காப்பகம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், டெல்லியில் சங்கீத நாடக அகாதெமி, 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் உள்ள இன இசையியல் ஆவணக் காப்பகம் ஆகியவற்றிடம் ஒலிப்பதிவுகளைப் பேணும் அனுபவம் இருக்கிறது. சென்னை மியூசிக் அகாதெமியில் கணினித் திரையில் தேர்ந்து அங்கேயே அமர்ந்து கேட்கும் வசதி இருக்கிறது. கோப்பு வெளியே போகாமல் கேட்பு மட்டும் நடப்பதால், உரிமைச் சிக்கலுக்கும் ரசிகரின் ஆவலுக்கும் ஒருசேர இடம் தரும் முறை அது. காப்பகத்திடம் ஒப்படைத்தால் உடனே எல்லோரும் கேட்க முடியாது என்ற குறை உண்டு. ஆனால் ஸ்பூல் டேப்புகளுக்கும் மூலக் கேசட்டுகளுக்கும் வீட்டு அலமாரியைவிட அது நல்ல இடம். சேகரித்தவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே பட்டியலைத் தயாரித்து, யார் கேட்கலாம், ஆராய்ச்சியாளருக்குப் படி கொடுக்கலாமா, கலைஞரின் குடும்பத்தார் கேட்டால் என்ன செய்வது என்ற மூன்றையும் எழுத்தில் தெளிவாக்கிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும். மெல்லிய டேப் கொண்ட 120 நிமிடக் கேசட்டுகள் இழுபட்டுச் சிதையக்கூடியவை. அவை சேகரிப்பில் இருந்தால் கணினியில் ஏற்றும் வேலையை அவற்றிலிருந்து தொடங்கலாம்.